கிணற்றுக்கட்டிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர்

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை ஒரு வாக்குவாதம் நடக்கும். ஒரு பக்கம் என் அம்மப்பா. பாலமீன்மடுவில் தோணியும் வீச்சுவலையுமாக ஐம்பது ஆண்டுகள் கழித்தவர். மறுபக்கம் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. வவுணதீவுப் பக்கம் வயல் செய்கிறவர். மழை பிடித்து ஆறு ஏறத் தொடங்கியதும் (மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்) பெரியப்பாவின் அழைப்பு வரும்.

"மாமா, வேளாண்மை தண்ணீருக்குள் நிற்கிறது. முகத்துவாரத்தை இன்னும் ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்?"

"இங்கே தண்ணீர் அப்படி ஏறவில்லை தம்பி. இப்போது வெட்டினால் முற்றாத இறால் எல்லாம் கடலோடு போய்விடும். நான்கு நாள் பொறுத்தால் என்ன?"

"நான்கு நாளில் எனக்கு வயலே இருக்காது மாமா."

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மழையில்லாத மாதங்களில் ஆற்றின் ஓட்டம் ஓய்ந்துபோகும். கடல் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் குளங்கள் நிரம்பி வழிந்து, ஆற்றின் மேற்குக் கரையான படுவான்கரையின் வெள்ளமெல்லாம் ஆற்றுக்குள் இறங்கும். வெளியே போக வழி இல்லாததால் ஆறு ஏறும். அப்போது மணல்மேட்டின் தாழ்ந்த இடத்தில் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை வெட்டிவிட்டால் போதும். மீதியை ஆறே பார்த்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் அந்த வாய்க்கால் அகன்று, கலங்கிய தண்ணீர் கடலின் நிறத்தையே மாற்றிக்கொண்டு ஓடும். சிறுமியாக அம்மப்பாவின் தோளில் இருந்து அதைப் பார்த்திருக்கிறேன். எப்போது வெட்டுவது என்பதை அதிகாரிகள் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். என்றாலும் ஆற்றின் இரு கரையிலும் உள்ள வீடுகளில் அந்தக் கூட்டம் தனியாக ஒருமுறை நடக்கத்தான் செய்யும்.

அம்மப்பாவும் பொய் சொல்லமாட்டார், பெரியப்பாவும் சொல்லமாட்டார். பெரியப்பாவுக்கு அளவு அவருடைய வயல் வரம்பு. அம்மப்பாவுக்கு அளவு தோணி கட்டும் கட்டை. வரம்பு மறைந்துவிட்டது என்று அவர் சொல்வார். கட்டையில் பாதிகூட நனையவில்லை என்று இவர் சொல்வார். அதற்கு மேல் பேச்சு நகராது. அம்மா தொலைபேசியை வாங்கி, பெரியம்மாவின் கால்வலியை விசாரித்து முடித்துவைப்பார்.

2024 கோடையில் நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்தில் ஒன்பது கிழமைகள் உள்ளகப் பயிற்சிக்குப் போய்வந்தேன். திரும்பியதிலிருந்து எல்லோரும் காற்றாலையையும் துலிப் பூவையும் பற்றித்தான் கேட்கிறார்கள். துலிப் வைகாசிக்குள் முடிந்துவிடும். நான் போனது ஆனியில். எனக்குச் சொல்ல இருப்பது தண்ணீர் மட்டத்தைப் பற்றி.

நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில், வந்தாறுமூலையில், புவியியல் படிக்கிறேன். விரிவுரையாளர் ஒருவர் வகுப்புக் குழுவில் அறிவித்தல் ஒன்றைப் பகிர்ந்தார். அடைபட்ட கடல்வாய்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு வெளிநாட்டு மாணவர் ஒருவர் தேவை. பயணச் செலவும் தங்குமிடமும் உண்டு. நேர்காணல் காணொளியில் நடந்தது. என் ஆங்கிலம் எழுதிப் படித்த ஆங்கிலம், பேசிப் பழகாதது. மனனம் செய்து வைத்திருந்த பதில்கள் இரண்டாவது கேள்வியிலேயே மறந்துபோயின. வேறு வழியில்லாமல் அம்மப்பாவும் பெரியப்பாவும் போடும் வாக்குவாதத்தை, தெரிந்த சொற்களில், அப்படியே சொன்னேன். திரையில் இருந்த இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது.

"ஒல்லாந்தர் நாட்டுக்கா?" என்று அம்மப்பா கேட்டார். அவருக்கு ஒல்லாந்தர் என்றால் எங்கள் கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியதை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், அதற்குள்தான் இயங்கியது. "அவர்கள் இங்கே வந்து கோட்டை பிடித்தார்கள். நீ அங்கே போய் என்ன பிடிக்கப்போகிறாய்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவரே தலையைத் தடவி, "போய்ப் பார்த்துவிட்டு வா மகள்" என்றார்.

கொழும்புக்கு இரவு ரயில், பிறகு விமானம், பிறகு இன்னொரு ரயில். மிடில்பர்க் நகரில் இறங்கியபோது இரவு ஒன்பது மணி, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்குத்தான் சூரியன் மறைந்தது. அந்த முதல் இரவு திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. மூன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா விழித்திருந்து எடுத்தார். "சாப்பிட்டாயா" என்றார், "சாப்பிட்டேன்" என்றேன். விமானத்தில் கொடுத்த பாண் துண்டைத்தான் சாப்பிட்டிருந்தேன்.

மறுநாள் காலை என் பொறுப்பாளர் வந்து அழைத்துப்போனார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். இரண்டு கிழமைவரை என் நாக்கு அதற்கு இணங்கவில்லை. கூப்பிட வேண்டிய நேரங்களில் எழுந்து அவர் மேசைக்குப் போய் நின்றுகொள்வேன். அன்று வாசல் கதவைத் திறந்துகொண்டே அவர் தன் மொழியில் ஒரு சொல் சொன்னார்: கந்தோர். நான் திடுக்கிட்டு நின்றேன். எங்கள் அம்மம்மா கடைசிவரை அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் சொன்னார். அது அவர்கள் சொல் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஒருவர் வாயிலிருந்து சாதாரணமாக விழக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அதன் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். மேசை இழுப்பறையைச் சொல்லும் லாச்சி அவர்களுடையது. கடையில் போஞ்சிக்காயைக் கையில் எடுத்தால் பெயர்ச்சீட்டில் கிட்டத்தட்ட அதே பெயர். கக்கூசும் அவர்கள் தந்ததுதான். சொல் ஒவ்வொன்றையும் அம்மாவுக்குக் குரல்பதிவில் அனுப்பினேன். நாட்டை ஆளவந்தவர்களின் மொழிதான். ஆனாலும் தனியே இருந்த அந்த நாட்களில் அந்தச் சொற்கள் எனக்கு ஊர்க்காரர்களைப் போல இருந்தன.

வேலை வெளியில் இருந்து பார்த்தால் மிகச் சலிப்பானது. சீலாந்தில் வீரே என்று ஒரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே கடல் திறந்திருந்த காலத்தில் தண்ணீர் மட்டத்தை எழுதிவைத்த கையெழுத்துப் பதிவுப் புத்தகங்களின் படங்களைப் பார்த்து, எண்களைக் கணினியில் ஏற்றவேண்டும். கிழமையில் இரண்டு நாள் சைக்கிளில் வீரேவுக்குப் போய், இப்போது ஏரியாகிவிட்ட அந்தத் தண்ணீரில் உப்பும் வெப்பமும் அளந்துவரவேண்டும். மிடில்பர்க்கிலிருந்து கால்வாய் ஓரமாக ஏழு கிலோமீற்றர்கூட இல்லை. எனக்குத் தந்த சைக்கிளில் கைப்பிடியில் பிரேக் இல்லை, மிதியைப் பின்னோக்கி அழுத்தினால்தான் நிற்கும். அதைப் பழக நான்கு நாளானது. எதிர்க்காற்றுக்குப் பழகக் கடைசிவரை முடியவில்லை. எங்கள் கச்சான் காற்று முகத்தைச் சுடும். அந்தக் காற்று கோடையிலும் எலும்பைத் தொட்டது.

அங்கே கடல் நடந்துகொள்ளும் விதம் வேறு. மட்டக்களப்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. பக்கத்து நகரான ஃப்ளிஸ்ஸிங்கனில் அது ஏறக்குறைய நான்கு மீற்றர். காலையில் அலையடித்த இடத்தில் மத்தியானம் சேறு. அதன் மேல் படகுகள் சரிந்து கிடக்கும். அம்மப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "கடலை யார் குடித்தது?" என்று கேட்டார்.

பதிவுப் புத்தகங்களில் பார்த்த எண்களை இன்றும் கண்ணை மூடினால் காண்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு பூச்சியத்திலிருந்து மேலே அல்லது கீழே. அந்த நாடு முழுவதற்கும் ஒரே பூச்சிய மட்டம்தான், என்.ஏ.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1680களில் அம்ஸ்டர்டாமில் கல்லில் குறித்த உயரத்திலிருந்து வந்தது. வீதி, மதகு, வீட்டுத்தளம், ஆற்று நீர் எல்லாவற்றின் உயரமும் அதிலிருந்தே சொல்லப்படும்.

மூன்றாவது கிழமையில் நான் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன். ஒரு பதிவாளர் மட்டும் பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்களுக்கு முன்னால் கோடு போடாமல், எண்ணின் தலைமேல் சிறு கீறு ஒன்றைப் போட்டிருந்தார். அதைப் பேனா மை என்று நினைத்துவிட்டேன். அவர் எழுதிய காலம் முழுவதும் வற்று எல்லாம் பெருக்காகக் கணினியில் ஏறிவிட்டது. வரைபடம் போட்டபோது மூன்று கிழமை இறங்காமலே நின்ற ஒரு கடல் திரையில் வந்தது. எனக்குக் கை நடுங்கியது. யாருக்கும் தெரியாமல் அன்றிரவே திருத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். காலையில் பொறுப்பாளரின் மேசைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து, ஒரு நாள் அந்தப் பதிவாளரே தவறாக எழுதிய எண்ணைக் காட்டினார். அவர் அதை அழிக்கவில்லை. மேலே ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருந்தார். "பிழை வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்" என்றார் பொறுப்பாளர். பாடசாலையில் பிழை செய்தால் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதப் பழக்கப்பட்டவள் நான். என் பிழையைத் திகதியுடன் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் பிறகு அந்த வேலை எனக்குச் சலிக்கவில்லை.

வீரேயைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும். 1601 மே மாதம் அந்தத் துறையிலிருந்துதான் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மூன்று கப்பல்களுடன் புறப்பட்டார். கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி என்று அந்தக் கப்பல்களுக்குப் பெயர். ஓராண்டு கழித்து, 1602இல், அவர் வந்து சேர்ந்த இடம் மட்டக்களப்பு. அங்கிருந்து கண்டிக்குப் போய் மன்னனைச் சந்தித்தார். நான் உப்பு அளந்த அந்தக் கரையிலிருந்து கிளம்பிய ஒருவர் எங்கள் கரையில் வந்து இறங்கியிருக்கிறார். ஆனால் இன்று வீரேயிலிருந்து யாரும் அப்படி நேரே கடலுக்குப் போக முடியாது. 1961இல் அதன் கடல்வாயை அணை போட்டு அடைத்துவிட்டார்கள்.

காரணம் 1953 வெள்ளம். ஜனவரி 31 இரவு எழுந்த புயல் வெள்ளத்தில் அந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். சீலாந்துதான் அதிகம் இழந்தது. இனி இப்படி நேரக்கூடாது என்று கடல்வாய்களை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார்கள். வீரேயின் மீன்பிடிப் படகுகள் கொலைன்ஸ்பிளாட் என்ற ஊருக்குப் பெயர்ந்தன. உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அடைபட்ட தண்ணீர் நாளடைவில் நோய்ப்பட்டது. அடியில் மூச்சுக்காற்று இல்லை, கரையில் பாசி அழுகி நாறியது. கடைசியில் 2004இல் ஏரியின் மறுமுனை அணையில் ஒரு மதகைத் திறந்து, கடல்நீரை மறுபடி உள்ளேயும் வெளியேயும் விட்டார்கள். நான் அளந்த உப்பெல்லாம் அந்த மதகு கொண்டுவந்த உப்பு. தண்ணீர் இப்போது தெளிந்திருக்கிறது. காலுக்கடியில் நண்டு ஓடுவது தெரியும்.

துறையோரம் ஒரு முதியவர் தினமும் வாங்கில் அமர்ந்திருப்பார். நான் கயிற்றில் கருவியை இறக்குவதைப் பல நாள் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஆங்கிலத்தில் கேட்டார், "எத்தனை?" சொன்னேன். தலையாட்டினார். அவருடைய தகப்பனார் வீரேயில் கூனிறால் பிடித்தவராம். அணை மூடியபோது இவருக்குப் பன்னிரண்டு வயது. "அதற்கு முந்தின நாள்வரை படுக்கையில் கிடந்தே தண்ணீர் வற்றா பெருக்கா என்று வாசனையில் தெரியும். பிறகு வாசனை நின்றுவிட்டது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வெள்ளத்தில் அவர் குடும்பமும் ஆட்களை இழந்திருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றை மற்றொன்றால் மூடாமல் சொன்னார். எனக்கு அம்மப்பாவின் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. என் கையில் இருந்த மிக்ஸர் பொட்டலத்தை நீட்டினேன். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தும் முழுவதையும் சாப்பிட்டுவிட்டார்.

கிழக்கு ஸ்கெல்ட் என்ற பெரிய கடல்வாயையும் இப்படியே முற்றாக அடைப்பதாகத்தான் முதலில் திட்டம். யெர்சேக்கே ஊரில் மட்டியும் சிப்பியும் வளர்க்கிறவர்களும், இயற்கையை நேசிப்பவர்களும் விடவில்லை. எழுபதுகளில் பெரும் போராட்டம் நடந்தது. கடைசியில் அடைக்காமல், 62 இரும்புக் கதவுகள் வைத்த தடுப்பைக் கட்டி 1986இல் திறந்தார்கள். சாதாரண நாளில் கதவுகள் மேலே நிற்கும், கடல் வந்துபோகும். தண்ணீர் பூச்சியத்திலிருந்து மூன்று மீற்றர் ஏறும் என்று கணிக்கப்பட்டால் இறங்கும். மூன்று மீற்றர். யார் உரக்கப் பேசினாலும் அது மூன்று மீற்றர்தான். அந்தத் தடுப்பின் மேல் நின்று, கீழே கடல் உறுமிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தபோது பெரியப்பாவையும் அம்மப்பாவையும் நினைத்தேன். வீரே ஏரியிலும் எங்கள் வீட்டு வழக்கேதான்: வயல்காரருக்கு வடிகால் ஓட ஏரி தாழ்ந்திருக்கவேண்டும், மற்றவர்களுக்கு உயர்ந்திருக்கவேண்டும். குளிர்காலத்துக்கு ஒரு மட்டம், கோடைக்கு ஒரு மட்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை மாற்ற எத்தனையோ ஆண்டு சண்டை பிடிப்பார்களாம். ஆனால் இன்று தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அங்கே நான் ஒருவரும் சண்டை பிடிக்கக் காணவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. ஊரில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அப்பாவை இழந்தவர்களுக்கு அது என்ன நாள் என்று நான் எழுதத் தேவையில்லை. அமிர்தகழியில் அண்ணா மொட்டைத் தலையோடு குளத்தில் இறங்கும் படத்தை அம்மா அனுப்பியிருந்தார். 2004 டிசம்பர் 26 காலையில் அப்பா கடற்கரைப் பக்கம் போனார். எனக்கு வயது மூன்று. அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. படத்தைப் பார்த்து உண்டாக்கிக்கொண்ட முகம்தான் இருக்கிறது. எங்கள் வீடும் போய்விட்டது. அப்பா தன் கையால் கட்டிய கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அதைச் சுற்றித்தான் இப்போதைய வீட்டைக் கட்டினோம்.

அன்று விரதம். அறையில் இருக்க முடியவில்லை. பஸ் மாறி மாறி அவுவர்கெர்க் என்ற ஊருக்குப் போனேன். 1953இல் உடைந்த அணையின் கடைசி உடைப்பை நான்கு பெரிய கொங்கிரீட் பெட்டிகளை இறக்கி அடைத்தார்கள். நவம்பர் 6 இரவு. அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இப்போது வெள்ள நினைவகம் இருக்கிறது. ஒரு பெட்டியில் தரையெல்லாம் மணல். இறந்தவர்களின் பெயர்கள் ஒளியாக அந்த மணலில் விழுகின்றன. '1835+1' என்று அதற்குப் பெயர். அந்த ஒன்று, வெள்ளத்தன்று இரவு பிறந்து அன்றிரவே இறந்த ஒரு குழந்தை. பதிவேட்டில் ஏறாத குழந்தை. அதையும் எண்ணியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் விட்டுப்போன ஒன்றைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள்.

நான் அந்த மணலின் ஓரத்தில் வெகுநேரம் நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். கொங்கிரீட் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வெளியே வந்து, புல்லில் உட்கார்ந்து, அங்கே கடையில் விற்கும் தயிரில் சோற்றைப் பிசைந்து கொண்டுபோயிருந்ததைச் சாப்பிட்டு விரதத்தை முடித்தேன். மட்டக்களப்புத் தயிரைத் தின்று வளர்ந்த வாய்க்கு அது தயிரே இல்லை. அன்று அது போதுமானதாக இருந்தது.

கடைசிக் கிழமையில் ஒரு நாள் விடுப்புத் தந்தார்கள். அம்ஸ்டர்டாம் போனேன். நகரசபைக் கட்டடத்துக்குள் மூன்று கண்ணாடித் தூண்கள் நிற்கின்றன. இரண்டில் தண்ணீர் இப்போதைய கடல் மட்டத்தைக் காட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறது. அதில் ஒன்று என் பக்கத்து நகரான ஃப்ளிஸ்ஸிங்கனின் கடல். மூன்றாவது தூணில் தண்ணீர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கிறது: 1953, நான்கரை மீற்றருக்கும் சற்று மேலே. கீழே படியிறங்கினால் ஒரு வெண்கலக் குமிழ். அதுதான் பூச்சியம். எவரும் தொடலாம். தொட்டேன். நூற்றுக்கணக்கான பக்கங்களில் நான் ஏற்றிய எண்கள் எல்லாம் இந்தக் குமிழிலிருந்து மேலே, இந்தக் குமிழிலிருந்து கீழே. அந்த நேரத்தில் எனக்கு எங்கள் கிணற்றுக்கட்டு ஞாபகம் வந்தது.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் மேசன் மாமாவைப் பிடித்தேன். சுவர் எழுப்பும்போது மட்டம் பார்க்கக் கண்ணாடிபோன்ற குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அதைக் கொண்டுவந்தார். கிணற்றுக்கட்டின் மேல்விளிம்பைப் பூச்சியமாக வைத்தோம். குழாயின் ஒரு முனையை அதில் பிடித்து, மறுமுனையை வேலித் தூணில் குறித்து, அங்கிருந்து தென்னைக்கு, தென்னையிலிருந்து அம்மப்பாவின் தோணிக்கட்டைக்கு என்று மூன்று தாவலில் ஆற்றங்கரைவரை உயரத்தைக் கொண்டுபோனோம். கட்டையில் சென்ரிமீற்றர் கோடுகளை வெள்ளை வர்ணத்தில் வரைந்தேன். முதல் எண்: கட்டுக்குக் கீழே 168. தடித்த அட்டைக் கொப்பி ஒன்றில் திகதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்டேன். நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் இதைவிடச் சிறந்த அளவுகள் இருக்கும். எங்கள் வீட்டில் வாக்குவாதம் பண்ணுகிற இருவர் கையில் ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் இது.

அம்மப்பா முதலில் சிரத்தை காட்டவில்லை. ஆற்றை அவருக்கு முழங்காலால் தெரியும், இடுப்பால் தெரியும். ஆனால் நான் விரிவுரைக்குப் போகும் நாட்களில் எழுத ஆள் வேண்டுமே என்று கெஞ்சியபோது ஒத்துக்கொண்டார். இரண்டாம் கிழமையில் பார்த்தால் எண்ணுக்குப் பக்கத்தில் தானாகவே காற்றையும் எழுதத் தொடங்கியிருந்தார்: கச்சான், சோளகம், காற்றில்லை. ஒரு நாள் 161 என்று எழுதி, ஒற்றைக் கோடு இழுத்து, 166 என்று திருத்தியிருந்தார். அந்தப் பழக்கத்தை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தையும் போட்டிருந்தார்.

பெரியப்பாவின் கரைக்குக் குழாய் பிடித்துப் போக முடியாது. அதற்கு ஆறே குழாயானது. முகத்துவாரம் அடைபட்டு, காற்றும் ஓய்ந்து, ஆறு கண்ணாடிபோல் கிடக்கும் விடியலில் தண்ணீர் இரு கரையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அப்படி ஒரு புரட்டாசி விடியலில், ஆறு மணிக்கு, அம்மப்பா இங்கே கட்டையடியில், பெரியப்பா வலையிறவுப் பாலத்துக்குப் பக்கத்தில் நட்ட கம்படியில், நான் நடுவில் தொலைபேசியில். இங்கே 163. "பெரியப்பா, தண்ணீர் தொடும் இடத்தில் கோடு போட்டு 163 என்று எழுதுங்கள்." போட்டார். அன்றிலிருந்து அவர் கம்பிலும் எங்கள் கிணற்றுக்கட்டுத்தான் பூச்சியம்.

மழை நவம்பர் கடைசியில் வந்தது. இரவு பகல் தெரியாத மழை. 24ஆம் திகதி கட்டுக்குக் கீழே 118. 25ஆம் திகதி 108. 26ஆம் திகதி மாலை அம்மப்பாவும் நானும் டோர்ச்சுடன் போனோம், கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு. 96. முற்றத்துக்குத் தண்ணீர் வர இன்னும் இருபது சென்ரிமீற்றர் இருந்தது. திரும்பி வந்து தலையைத் துவட்டும் முன் தொலைபேசி அடித்தது.

"மகள், அங்கே எத்தனை?"

"தொண்ணூற்றாறு பெரியப்பா. உங்கள் பக்கம்?"

"எழுபத்தொன்பது."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். எழுபத்தொன்பதுதான், இரண்டு முறை பார்த்தாராம். எழுதிக் கழித்துப் பார்த்தேன். மேற்கேயிருந்து இறங்கிய வெள்ளம் அங்கே குவிந்து நிற்கிறது, இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. ஒரே ஆறு, ஒரே மாலை, படுவான்கரையில் பதினேழு சென்ரிமீற்றர் உயரம்.

அம்மப்பா கொப்பியை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் பார்த்தார். கை விரலால் பதினேழு சென்ரிமீற்றர் எவ்வளவு என்று கதவு நிலையில் அளந்தார். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. பிறகு தொலைபேசிக்குக் கையை நீட்டினார்.

"தம்பி, நெல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?" என்று கேட்டார்.